இருவராகச் சேர்ந்து ஆட எந்தப் பாத்திரம்? கில்டு வார்ஸ் 2: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கில்டு வார்ஸ் 2 என்ற ஆன்லைன் ரோல்-பிளேயிங் விளையாட்டை இரண்டு பேராகத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் அநேகமாக ஜோடியாகவே வருகிறார்கள். அண்ணனும் தங்கையும் வருகிறார்கள், புதிதாகத் திருமணமானவர்கள் வருகிறார்கள், ஒரே விடுதியில் படித்துவிட்டு இப்போது ஆளுக்கோர் ஊரில் வேலை பார்க்கும் நண்பர்கள் வருகிறார்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்த கிளாஸ், அதாவது எந்தப் பாத்திர வகை, பலமானது? இருவராக ஆடும்போது அந்தக் கேள்விக்கு அவ்வளவு மதிப்பில்லை. இருவரில் ஆர்வம் குறைந்தவர் எதை எடுத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தானாக வந்து உட்காருவார் என்று கேட்பதே சரி. கீழே உள்ள பதில்கள் அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

இத்தனை விளையாட்டுகள் இருக்க, ஏன் இது?

செலவு முதல் காரணம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேன்டஸி 14 இரண்டும் நல்ல விளையாட்டுகளே. ஆனால் முழுமையாக ஆட மாதச் சந்தா கட்ட வேண்டும். இருவர் என்றால் இரண்டு சந்தா. கில்டு வார்ஸ் 2 விளையாட்டை அரினாநெட் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 28 அன்று வெளியிட்டது. 2015 முதல் அதன் அடிப்படைப் பகுதி இலவசம். சந்தா என்பதே கிடையாது. உச்ச நிலையான 80ஆம் லெவல் வரை கையிலிருந்து ஒரு ரூபாய் போடாமல் போகலாம்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பிடித்தது. ஓர் எதிரியை இருவரும் சேர்ந்து அடித்தால் இருவருக்கும் அனுபவப் புள்ளிகள் வரும், இருவருக்கும் தனித்தனியாகப் பரிசு விழும். வெட்டுகிற மரமும் தோண்டுகிற தாதுவும்கூட ஆளுக்கு ஆள் தனி; அண்ணன் வெட்டிவிட்டுப் போன மரம் தங்கையின் திரையில் அப்படியே நிற்கும். 'நீயே எடுத்துக்கொண்டாய்' என்ற சண்டைக்கு வழியே இல்லை. உடன்பிறந்தவர்கள் ஆடும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

ஒரே லேப்டாப்பில் இருவரும் ஆட முடியுமா?

முடியாது. இரண்டு விண்டோஸ் கணினிகள், இரண்டு கணக்குகள் வேண்டும். திரையைப் பிரித்து ஆடும் வசதி இதில் இல்லை.

பாத்திர வகையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?

இரண்டு விஷயங்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இவற்றைப் படித்துவிடுங்கள்.

முதலாவது, மண்டலம். கணக்குகள் வட அமெரிக்கா, ஐரோப்பா என்று இரண்டு மண்டலங்களில் பிரிந்திருக்கின்றன. ஒருவர் இங்கேயும் ஒருவர் அங்கேயும் இருந்தால் எத்தனை நாள் ஆடினாலும் சந்திக்க முடியாது. நம் ஊரிலிருந்து ஐரோப்பாவுக்கான தூரம் குறைவு. விசையைத் தட்டியதற்கும் வாள் வீசப்படுவதற்கும் இடையிலான தாமதமும் அதற்கேற்பக் குறையும். இருவரும் ஐரோப்பாவையே எடுங்கள்.

இரண்டாவது, இனம். மனிதர், சார், நார்ன், அசுரா, சில்வாரி என்று ஐந்து இனங்கள். ஒவ்வோர் இனமும் தன் சொந்த நிலத்தில் தொடங்குகிறது. இலவசக் கணக்கு வைத்திருப்பவர் 10ஆம் நிலையை எட்டும் வரை தொடக்க நிலத்தை விட்டு வெளியேற முடியாது. ஒருவருக்குப் பூனை முகச் சார் பிடித்திருக்கிறது, மற்றவருக்கு இலை உடம்புச் சில்வாரி பிடித்திருக்கிறது என்று ஆளுக்கொன்றாக எடுத்தால், முதல் பத்து நிலைகளும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கழியும். ஆளுக்கொரு மூலையில் தனியாக அடித்துக்கொண்டிருக்க ஜோடி எதற்கு? பலர் இந்த விளையாட்டை விட்டுப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

எந்த இனம் என்று கேட்டால் மனிதர் என்பேன். அவர்களுடைய தொடக்க நிலமான குவீன்ஸ்டேல் பசுமையான, வழி தவறாத இடம். முதல் கிராமத்தைத் தாண்டியதும் ஒரு பண்ணை வரும். அங்கே மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், மாட்டுக்குத் தீனி வைக்கலாம், நிலத்தைத் துளைத்துவரும் புழுக்களின் மேடுகளை மிதித்து அழிக்கலாம். மூன்றில் எதைச் செய்தாலும் அந்த இடத்தின் பணி நிறைவேறும். ஒருவர் தண்ணீர் வாளியோடு சுற்றிக்கொண்டிருக்க, மற்றவர் புழுக்களோடு சண்டை போடலாம். சண்டை என்றாலே தயங்குபவருக்கு விசைகள் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

மொத்தம் எத்தனை பாத்திர வகைகள்?

ஒன்பது. கனமான கவசம் அணிபவர்கள் கார்டியன், வாரியர், ரெவெனன்ட். நடுத்தரக் கவசம் ரேஞ்சர், தீஃப், இன்ஜினியருக்கு. மெல்லிய அங்கி நெக்ரோமான்சர், எலிமென்டலிஸ்ட், மெஸ்மருக்கு. இவற்றில் ரெவெனன்ட் 2015இல் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் என்ற விரிவாக்கத்தோடு, அதாவது காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதியோடு வந்தது; இலவசக் கணக்கில் கிடைக்காது. ஆக, இலவசமாக ஆடுபவருக்கு எட்டு.

ஒருவர் டேங்க் (முன்னால் நின்று அடிதாங்குபவர்), ஒருவர் ஹீலர் (குணப்படுத்துபவர்) என்று பிரித்துக்கொள்ள வேண்டாமா?

வேறு விளையாட்டுகளில் வேண்டும், இங்கே தேவையில்லை. ஒன்பது வகைகளில் எதை எடுத்தாலும் 6ஆம் எண் விசையில் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் ஒரு திறன் இருக்கும். அடியைத் தவிர்க்கக் குதித்து உருளும் வசதியும் எல்லோருக்கும் உண்டு. கீழே விழுந்த தோழரைத் தூக்கி நிறுத்தவும் எவராலும் முடியும். மருத்துவர் வேலையை ஒருவர் தலையில் கட்டி, அவர் எதையும் அடிக்காமல் மற்றவரின் உயிர்ப்பட்டையையே பார்த்துக்கொண்டிருக்கும் நிலை தொடக்க நிலங்களில் வராது. புதியவருக்கு ஹீலர் வேலையைக் கொடுத்துவிட்டு, பழையவர் வாளோடு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சலிப்பான வேலையைக் கொடுத்துவிட்டு, 'இவளுக்கு விளையாட்டில் ஆர்வமே இல்லை' என்று குறை வேறு.

சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு ஜோடியைச் சொல்லுங்கள்.

கார்டியனும் நெக்ரோமான்சரும்.

கார்டியன் கனமான கவசம் அணிந்தவர். ஆனால் அவருடைய உயிர் அளவு ஒன்பது வகைகளில் மிகக் குறைந்த பிரிவைச் சேர்ந்தது. இது தெரியாமல் கவசத்தை நம்பி நடுவில் போய் நின்றால் விழுவார். அவரைக் காப்பாற்றுவது அடியைத் தடுக்கும் திறன்கள். எஃப்1, எஃப்2, எஃப்3 என்ற மூன்று விசைகளில் மூன்று நற்குணங்கள் அவருக்கு உண்டு. முதலாவது எதிரியை எரிக்கும், இரண்டாவது குணப்படுத்தும், மூன்றாவது வருகிற ஓர் அடியை முழுவதுமாகத் தடுக்கும். சும்மா இருக்கும்போது மூன்றும் அவருக்கு மட்டுமே வேலை செய்யும். விசையைத் தட்டினால் பக்கத்தில் நிற்பவருக்கும் போய்ச் சேரும். தோழர் அடிவாங்கும்போது எஃப்3 தட்டுவது என்ற ஒரே பழக்கம் வந்துவிட்டால் போதும், பாதி கார்டியன் ஆகிவிட்டீர்கள்.

நெக்ரோமான்சர் மெல்லிய அங்கிதான் அணிவார், ஆனால் உயிர் அளவு மிக உயர்ந்த பிரிவு. அதற்கு மேல் இன்னொரு உயிர்ப்பட்டையும் உண்டு. பக்கத்தில் எதிரிகள் சாகச் சாக ஒரு சக்தி நிரம்பிக்கொண்டே வரும். எஃப்1 தட்டினால் நிழல் உருவம் எடுத்து, அந்தச் சக்தி தீரும் வரை அடிகளை அதிலேயே வாங்கிக்கொள்ளலாம். பதறுகிற கைக்கு இது பெரிய ஆறுதல். எலும்பும் சதையுமாக ஏவலர்களை எழுப்பும் திறன்களைப் பொருத்திக்கொண்டால், எதிரிகளில் பாதிப் பேர் அவரை விட்டுவிட்டு அவற்றையே கடித்துக்கொண்டிருப்பார்கள். குணப்படுத்தும் திறனாகக்கூட ஓர் ஏவல் பேயையே வைத்துக்கொள்ளலாம்.

இருவரும் சேரும் இடம் எதுவென்றால் கார்டியனின் இருகைப் பெருவாள். அதன் 5ஆம் திறன் சுற்றிலும் உள்ள எதிரிகளின் மேல் கத்திகளைப் பாய்ச்சும். மறுபடி தட்டினால் அத்தனை பேரையும் இழுத்து ஒரே இடத்தில் போடும். அந்த நேரம் பார்த்து நெக்ரோமான்சர் தன் கோலால் தரையில் குறிகளைப் போட வேண்டும். கேழ்வரகுக் கதிரைக் களத்தின் நடுவில் குவித்துவிட்டு அடிப்பது போன்ற வேலை இது. ஒரே எச்சரிக்கை: அதே கோலின் 5ஆம் குறி எதிரிகளைப் பயந்து ஓட வைக்கும். கார்டியன் பாடுபட்டுக் குவித்ததை அது நான்கு பக்கமும் சிதறடித்துவிடும். அதை ஆபத்து நேரத்துக்கு என்று ஒதுக்கிவையுங்கள்.

யார் எதை எடுப்பது? முன்பே கணினி விளையாட்டு பழகியவர் கார்டியன். விசைப்பலகையைப் பார்த்துப் பார்த்துத் தட்டுபவர் நெக்ரோமான்சர். ஊரில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கவசம் போட்டவர் பத்திரம் என்று எண்ணிப் புதியவருக்குக் கார்டியனைக் கொடுத்துவிடுகிறார்கள்.

தங்கைக்கு வில்தான் வேண்டுமாம். ரேஞ்சர் எப்படி?

வில் வேண்டும் என்று அவரே சொல்கிறார் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டு ரேஞ்சரைக் கொடுங்கள். ஆசைப்பட்டு எடுத்தது எந்தப் பட்டியலையும்விட மேல்.

ரேஞ்சரோடு எப்போதும் ஒரு விலங்கு இருக்கும். காட்டில் வழியில் தென்படும் இளம் விலங்குகளைப் பழக்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம். சிலருக்கு இதுவே முழு விளையாட்டாகிவிடும். சண்டைக்குக் கரடியைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அதன் உயிர் அளவு அதிகம். முன்னால் நின்று அடிவாங்கும், தங்கை தள்ளி நின்று அம்பு விடலாம். ஜோடிக்கு உதவும் இன்னொன்றும் உண்டு. 'சர்ச் அண்ட் ரெஸ்க்யூ' என்ற திறனைப் பொருத்தினால், கீழே விழுந்த அண்ணனைத் தூக்கிவிட விலங்கு ஓடும். தங்கை நின்ற இடத்திலிருந்தே எய்துகொண்டிருக்கலாம்.

ஒரு தொல்லை இருக்கிறது, முன்பே சொல்லிவிடுகிறேன். நீண்ட வில்லின் 4ஆம் திறன் எதிரியைப் பின்னால் தள்ளிவிடும். புதியவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும், எதிரி பறப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் பக்கத்தில் நின்று வாள் வீசிக்கொண்டிருக்கும் அண்ணன் ஒவ்வொரு முறையும் எதிரியின் பின்னால் ஓட வேண்டும். கார்டியன் தரையில் போட்டிருக்கும் ஒளிக் குறியை விட்டும் எதிரி வெளியே போய்விடுவான். எதிரி தங்கையின் மேலேயே பாய்ந்தால் மட்டும் 4 என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ரேஞ்சருக்குத் துணையாகக் கார்டியன் அல்லது வாரியர். இருவருமே வில்லை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் தள்ளித் தள்ளி நிற்பதில் எனக்கு விருப்பமில்லை. ஒருவர் விழுந்தால் மற்றவர் ஓடிவந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும்.

வாரியரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

சொல்ல அதிகம் இல்லை என்பதே அதன் சிறப்பு. கனமான கவசம், உயர்ந்த பிரிவு உயிர், எளிய விசைகள். ஹீலிங் சிக்னெட் என்ற திறனைப் பொருத்திவைத்தாலே போதும், எதையும் தட்டாமல் உயிர் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டிருக்கும். அலுவலகம் விட்டுக் களைத்து வந்து, யோசிக்காமல் அரை மணி நேரம் கோடரி வீச நினைப்பவருக்கு ஏற்றது.

இருவரும் ஒரே வகையை எடுத்தால் தவறா?

இல்லை. இரண்டு நெக்ரோமான்சர்கள் என்றால் இரண்டு ஏவலர் படை. தொடக்க நிலங்களில் எதுவும் எதிரே நிற்காது. ஒருவர் கற்றதை மற்றவருக்கு அப்படியே சொல்லிக்கொடுக்கலாம் என்ற வசதியும் இருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளில் 'நீ ஏன் என்னைவிட வேகமாகக் கொல்கிறாய்' என்ற ஒப்பீடு வரும். அப்படி ஒப்பிட்டுக்கொள்ளும் ஜோடி நீங்கள் என்றால் வேறு வேறாக எடுங்கள்.

எதைத் தவிர்க்க வேண்டும்?

முதல் பாத்திரமாக எலிமென்டலிஸ்ட் வேண்டாம். நெருப்பு, நீர், காற்று, மண் என்று நான்கு நிலைகள். ஒவ்வொன்றிலும் ஐந்து ஆயுதத் திறன்கள். ஆக இருபதையும் நினைவில் வைத்துச் சண்டைக்கு நடுவில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கவசமும் மெல்லியது, உயிரும் குறைந்த பிரிவு. கைதேர்ந்தவர் ஆடினால் கண்கொள்ளாக் காட்சி, புதியவருக்கு அடிக்கடி தரையில் கிடக்கும் அனுபவம்.

இன்ஜினியரும் ஏறக்குறைய அதே கதைதான். கருவிப் பெட்டிகளை மாற்றும்போதெல்லாம் விசைகளின் பொருளும் மாறிக்கொண்டிருக்கும். தீஃப் வேகமானவர், ஆனால் குறைந்த உயிரோடு உருண்டு உருண்டு தப்பிக்கத் தெரிய வேண்டும். மெஸ்மர் தன்னைப் போலவே மாய உருவங்களை எழுப்பி எதிரியைக் குழப்புபவர். அழகான யோசனை, ஆனால் தொடக்க நிலைகளில் எதிரி சாக வெகு நேரம் ஆகும், துணைவர் காத்துக்கொண்டு நிற்பார்.

கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. எனக்குக் கிடைக்கும் நேரம் அவருக்குக் கிடைப்பதில்லை. நான் முன்னேறிவிட்டால் சேர்ந்து ஆட முடியாதா?

முடியும். தாராளமாக ஆடுங்கள். நீங்கள் 40ஆம் நிலையில் இருந்துகொண்டு 10ஆம் நிலை நிலத்துக்குள் போனால், விளையாட்டு உங்கள் பலத்தை அந்த நிலத்துக்கு ஏற்ப இறக்கிவிடும். எதிரியை ஒரே அடியில் வீழ்த்திவிட்டு அவரை வேடிக்கை பார்க்க வைக்க மாட்டீர்கள். கிடைக்கும் அனுபவப் புள்ளிகளோ உங்கள் நிலைக்குத் தக்கபடி இருக்கும். ஆனால் இது மேலிருந்து கீழே மட்டும்தான். 12ஆம் நிலையில் இருப்பவரை 40ஆம் நிலை நிலத்துக்கு அழைத்துப் போனால் அவரை யாரும் உயர்த்திவிட மாட்டார்கள், முதல் எதிரியே வீழ்த்திவிடும். முன்னே போனவர்தான் இறங்கி வர வேண்டும்.

போச்சம்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பையன்கள் இருவர் இதே போல ஆடுகிறார்கள். அறுவடைக் காலத்தில் ஒருவர் தோப்பை விட்டு நகர முடியாது. மற்றவர் அந்த மாதங்களில் தனக்கென்று இன்னொரு பாத்திரத்தை வைத்து ஆடிக்கொள்கிறார். இதை நான் எல்லா ஜோடிகளுக்கும் பரிந்துரைப்பேன். இலவசக் கணக்கில் இரண்டு பாத்திரங்களுக்கு இடம் உண்டு. ஒன்று ஜோடிக்கு மட்டும், மற்றவர் இல்லாதபோது அதைத் தொடவே கூடாது. இரண்டாவது உங்கள் சொந்தப் பொழுதுக்கு. எலிமென்டலிஸ்ட் ஆசை இருந்தால் அதை அங்கே தீர்த்துக்கொள்ளுங்கள்.

சண்டையில் ஒருவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது?

உயிர் தீர்ந்ததும் உடனே சாவு இல்லை. தரையில் கிடந்தபடியே நான்கு திறன்களோடு போராடும் நிலை ஒன்று உண்டு. அந்த நேரத்தில் இரண்டு வழிகள். துணைவர் அருகில் வந்து எஃப் விசையை அழுத்தி மீட்கலாம். அல்லது கிடப்பவர் அடித்த ஓர் எதிரி செத்தால், அவர் தானே எழுந்துவிடுவார்.

எது நல்லது என்பது நின்றுகொண்டிருக்கும் எதிரியைப் பொறுத்தது. அரை உயிரோடு ஒருவன் தள்ளாடிக்கொண்டிருந்தால் இருவரும் அவனையே அடியுங்கள். கிடப்பவரின் அடியும் அவன் மேல் விழட்டும். எல்லா எதிரிகளும் முழு உயிரோடு இருந்தால் மீட்பதுதான் வழி; கார்டியன் எஃப்3 தட்டிவிட்டுக் குனிவது உத்தமம். அடுத்தடுத்து விழுந்தால் போராடும் அவகாசம் குறைந்துகொண்டே போகும் என்பதால், மீண்டவர் உடனே மறுபடி நடுவில் பாயக் கூடாது. கிடப்பவர் மைக்கில் கத்துவதும் மீட்க உதவாது.

இருவர் திறனும் சேர்ந்து புதிய விளைவு வரும் என்கிறார்களே?

வரும். சில திறன்கள் தரையில் ஒரு களத்தை உண்டாக்கும். சில திறன்கள் அந்தக் களத்தோடு கலந்து முடிக்கும். வாரியர் நீண்ட வில்லை ஏந்தி எஃப்1 தட்டினால் தரையில் ஒரு நெருப்பு வட்டம் எரியும். ரேஞ்சர் தன் அம்பை அந்த வட்டத்தின் ஊடாக எய்தால் அம்பு தீப்பிடித்துப் போய் எதிரியை எரிக்கும். வட்டத்துக்குள் வெடிக்கும் வகைத் திறன் ஒன்றைப் பயன்படுத்தினால் இருவருக்குமே பலம் கூடும். கார்டியன் சுத்தியலின் 2ஆம் அடி அப்படிப்பட்டது. தொடக்கத்தில் இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தரையில் தோழர் போட்ட வட்டம் தெரிந்தால் அதற்குள் நின்று அடிப்பது என்ற அளவில் போதும்.

நான் கண்டெடுத்த ஆயுதத்தைத் தங்கைக்குக் கொடுக்கலாமா?

இலவசக் கணக்கிலிருந்து அஞ்சலில் பொருளோ பணமோ அனுப்ப முடியாது. கைக்குக் கை மாற்றும் வசதி இந்த விளையாட்டிலேயே கிடையாது. எனவே ஒருவர் கவசம் மற்றவருக்கு உதவும் என்று கணக்குப் போட்டுப் பாத்திர வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கதையை இருவரும் சேர்ந்து பார்க்க வழி?

10ஆம் நிலையில் உங்கள் சொந்தக் கதை திறக்கும். பாத்திரத்தை உருவாக்கும்போது சில கேள்விகள் வரும்: பிறந்தது தெருவிலா, சாதாரணக் குடும்பத்திலா, பிரபுக் குலத்திலா என்பது போல. கதை அந்தப் பதில்களைப் பொறுத்தே பிரிகிறது. இருவரும் ஒரே இனமாக இருந்து, ஒரே பதில்களைக் கொடுத்திருந்தால், ஒருவர் கதைக்குள் மற்றவர் நுழைந்து முடித்ததும் 'இதை உங்கள் கதையிலும் முடிந்ததாக ஏற்றுக்கொள்ளவா' என்று கேட்கும். பதில்கள் வேறாக இருந்தால் ஒவ்வொரு பகுதியையும் இருமுறை ஆட வேண்டிவரும். அது பெரிய பிரச்சினை அல்ல, நேரம்தான் போகும்.

பென்னாகரம் பக்கம் நெட் வேகம் போதாது. ஆட முடியுமா?

முதல் முறை கோப்புகளை இறக்குவதுதான் பெரிய வேலை. அதை இரவில் விட்டுவிடுங்கள், அல்லது தருமபுரியில் நல்ல இணைப்பு உள்ள உறவினர் வீட்டில் முடித்துக்கொண்டு வாருங்கள். முழுவதும் இறங்கும் முன்பே ஆடத் தொடங்க அனுமதிக்கும், மீதி பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். ஆனால் வேகம் குறைந்த இணைப்பில் இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பாத்திரம் தத்தித் தத்தித்தான் நடக்கும். இறக்கி முடித்த பிறகு ஆடுவதற்கு டேட்டா அதிகம் போகாது. இணைப்பு விட்டு விட்டு வரும் வீட்டில் இருப்பவர் நெக்ரோமான்சரோ ரேஞ்சரோ எடுப்பது நல்லது. அவர் திரை ஒரு கணம் உறைந்தாலும் ஏவலர்களும் கரடியும் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

மவுஸ் இல்லை, லேப்டாப்பின் டச்பேட்தான்.

ஒரு மவுஸ் வாங்கிவிடுங்கள். பார்வையைத் திருப்ப வலது பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே நகர்த்த வேண்டியிருக்கும், டச்பேட்டில் விரல் நோகும். தரையில் இடம் குறித்துப் போடும் திறன்கள் சிரமமாக இருந்தால், அமைப்புகளில் அவை தேர்ந்தெடுத்த எதிரியின் காலடியிலேயே தானாக விழும்படி மாற்றிக்கொள்ளலாம். நெக்ரோமான்சர் கோலுக்கு இது மிகவும் உதவும்.

தம்பிக்கு ஆங்கிலம் சரளமாக வராது.

ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மொழிகளில்தான் விளையாட்டு இருக்கிறது. திறன்களின் விளக்கம் நீளமானதுதான். ஆனால் படமும் நிறமும் பார்த்துப் பழகிவிடலாம். வாரியர் எடுத்தால் படிக்க வேண்டியது மிகக் குறைவு. கதை உரையாடல்களைப் படித்துத் தமிழில் சொல்லும் பொறுப்பை அண்ணன் ஏற்றுக்கொள்ளட்டும்.

எடுத்தது பிடிக்கவில்லை என்றால் எப்போது மாற்றுவது?

10ஆம் நிலை வரை பொறுங்கள். அதற்கு முன் பாதித் திறன்கள் பூட்டியே இருக்கும். எந்த வகையும் அதுவரை ஒரே மாதிரித்தான் தோன்றும். அதற்குள் ஆயுதத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஐந்து திறன்களும் ஆயுதத்தைப் பொறுத்தவை என்பதால், வில் சலித்த ரேஞ்சர் வாளை எடுத்தால் கிட்டத்தட்ட வேறு பாத்திரம்தான். அப்போதும் பிடிக்காவிட்டால் தயங்காமல் மாற்றுங்கள். மாற்றும்போது இருவரும் சேர்ந்து புதிதாகத் தொடங்குங்கள். ஒருவர் மட்டும் முதலிலிருந்து வருவது தண்டனை போல ஆகிவிடும்.

விரிவாக்கங்களை வாங்கலாமா?

இருவரும் 80ஐ எட்டும் முன் வேண்டாம். விரிவாக்கம் தரும் சிறப்புப் பயிற்சி வகைகள் 80க்குப் பிறகுதான் பொருள்படும். வாங்கினால் இருவரும் ஒன்றையே வாங்குங்கள். ஒருவருக்கு மட்டும் புதிய நிலம் திறந்திருந்தால் அங்கே தனியாகத்தான் நிற்க வேண்டும்.

இருவராகவே டஞ்சன்களுக்குள் போகலாமா?

டஞ்சன்கள் என்பவை ஐந்து பேர் குழுவாக நுழையும் தனி நிலவறைகள். முதலாவதே 30ஆம் நிலையில்தான் வரும். இரண்டு புதியவர்கள் அதற்கு அவசரப்பட வேண்டாம். பெரிய எதிரியைப் பார்க்க ஆசையாக இருந்தால் குவீன்ஸ்டேலிலேயே ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஷேடோ பெஹிமாத் என்ற ராட்சத உருவம் எழும்பும். அந்த நேரத்தில் அங்கே இருக்கும் எல்லோரும் சேர்ந்து அடிப்பார்கள். குழுவில் சேர வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 15ஆம் நிலை வாக்கில் போங்கள். கொஞ்சம் முன்னதாகவே போய், முதலில் திறக்கும் நிழல் வாசல்களை அடிப்பதில் சேர்ந்துகொள்ளுங்கள். நெக்ரோமான்சர் கோலோடு தள்ளி நிற்கலாம். கார்டியன் தொலைவிலிருந்து தாக்கும் செங்கோல் ஒன்றைப் பையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.